பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி விண்டோஸை புதிதாகப் போடுவது

முதல் வேலை பேக்கப். படங்கள், கோப்புகள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து, குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென்டிரைவில் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் வடியும். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். புதிதாகப் போடுவது சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா கேபிளில் இணைக்கும், ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) என்றால், டேட்டாவுக்கு ஒன்று, பவருக்கு ஒன்று என இரண்டே கேபிள்தான். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்னப் பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால், மதர்போர்டு எந்த வகையை ஏற்கும் என்று முதலிலேயே பாருங்கள், ஏனென்றால் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளுமே அந்த வடிவத்தில் வருகின்றன, சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும்.

இன்ஸ்டால் முடியும்வரை பழைய டிஸ்க்கைக் கழற்றியே வையுங்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். இரண்டும் இணைந்திருந்தால் பூட் கோப்புகள் (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகள்) பழையதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், பிறகு அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழாது.

கம்ப்யூட்டர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்வு செய்யும் பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். முன்பே அதே பதிப்பு ஆக்டிவேட் ஆன கணினி என்றால், புராடக்ட் கீ கேட்கும் இடத்தைத் தாண்டிவிடலாம். டிஜிட்டல் லைசென்ஸ் (கீ போடாமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் அனுமதி) பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.