வாத்து வேட்டைக்குக் கயாக் வாங்குமுன் தராசை எடுங்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் என்னை வாத்து வேட்டைக்குக் கூட்டிப் போனார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் நம் ஊரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. இங்கே உரிமம், பருவம், ஒரு நாளைக்கு இத்தனை பறவை என்ற கணக்கு எல்லாம் உண்டு. பதினாறு வயது ஆனவர்கள் 25 டாலர் கொடுத்து ‘டக் ஸ்டாம்ப்’ வாங்க வேண்டும். 1934 முதல் நடக்கும் ஏற்பாடு இது. அந்தப் பணம் சதுப்பு நிலங்களைக் காக்கப் போகிறது. வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991-இலேயே நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. இதெல்லாம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லித் தருவார்கள். படகை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முதல் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) பழையது, சிவப்பு, பதினான்கு அடி நீளம், 24 அங்குல அகலம். விலை மலிவு, அம்பு மாதிரி ஓடும். வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் போலி வாத்துகளின் மூட்டையைப் பின்னால் கட்டி ஏரியில் இறக்கினேன். பின்பக்கம் அமுங்கி மூக்குத் தூக்கியது. காற்று அந்த மூக்கைப் பிடித்து என்னைச் சுற்றிவிட்டது. கால்மாட்டில் கிடந்த துப்பாக்கி உறையை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீர் என்பதால் பிழைத்தேன். துப்பாக்கியை மட்டும் அரை மணி நேரம் சேற்றில் துழாவ வேண்டியிருந்தது.

படி 1: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

காட்டு அரிசி விளையும் ஆழமில்லாத ஏரி, சம்புக்கோரை அடர்ந்த சதுப்பு, ஆற்றின் ஒதுக்குநீர். கயாக்குக்கு இவைதான் இடம். ஒரு சாண் தண்ணீரில் போகும். மோட்டார் படகின் விசிறி பாசியில் சிக்கி நிற்கிற இடத்தில் சத்தமில்லாமல் நுழையும்.

பரந்த ஏரிக்கும் மிசிசிப்பியின் நடு நீரோட்டத்துக்கும் இது வேண்டாம். 1940 நவம்பர் 11 காலை இந்தப் பக்கம் வெயில் இதமாக இருந்தது. வேட்டைக்காரர்கள் மெல்லிய சட்டையோடு மிசிசிப்பித் தீவுகளுக்குப் போனார்கள். பகலில் திடீரென்று பனிப்புயல் அடித்தது. அலையைத் தாண்டிக் கரைக்கு வர முடியவில்லை. மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், ஏறக்குறையப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். நவம்பர் வந்தால் இங்கே கிழவர்கள் இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

படி 2: உள்ளே உட்காரவா, மேலே உட்காரவா?

உள்ளே உட்காரும் கயாக் காற்றை மறைக்கும், கால் கதகதப்பாக இருக்கும், தாழ்வாக இருப்பதால் கோரையில் நன்றாக ஒளியும். ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். நடு ஏரியில் அதை இறைத்துவிட்டுத் திரும்ப ஏறுவது பயிற்சி உள்ளவர்களுக்கே கஷ்டம்.

மேலே உட்காரும் வகை கட்டுமரம் மாதிரி. தண்ணீர் ஏறினாலும் துளை வழியாக இறங்கிவிடும். விழுந்தால் நிமிர்த்திப் போட்டு வயிற்றால் ஏறலாம். பின்புறம் ஈரமாகும் என்பார்கள். மார்பு வரை ரப்பர் உடை போட்டிருப்பவருக்கு அது ஒரு குறையா? (அந்த உடைக்கு ஆங்கிலப் பெயர் ‘வேடர்ஸ்’. தமிழில் எழுதினால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) முதல் கயாக் வாங்குபவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது மேலே உட்காரும் வகை.

படி 3: நீளத்தை மறந்துவிடுங்கள், அகலத்தை அளந்து பாருங்கள்

நீளம் 10 முதல் 12 அடி போதும். கோரைக்குள் திருப்ப அதுதான் வசதி. அகலம் 32 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். 34, 36 இருந்தால் நல்லது. அடிப்பகுதி தட்டையாகவோ இரண்டு பக்கமும் வரம்பு இறங்கியோ இருக்கட்டும். அகலமான படகு மெதுவாகத்தான் போகும். அரை மைல் போக யாருக்கு அவசரம்? விடிவதற்குக் கால் மணி முன்னால் கிளம்புங்கள்.

படி 4: தராசு

எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான். குளியலறைத் தராசை எடுத்து வந்து எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். என் கணக்கு, பவுண்டில்: நான் 170. குளிர் உடை, வேடர்ஸ் 15. துப்பாக்கி, தோட்டா 13. ஒரு டஜன் போலி வாத்து, கயிறு, ஈயக்கட்டியோடு 15. பை, தேநீர்க் குடுவை, வலை 12. ஆக 225. லாப்ரடார் 65 சேர்த்தால் 290. திரும்பும்போது பறவைகள் ஒரு 15. மொத்தம் 305, அதாவது 138 கிலோ. நனைந்த நாய் இன்னும் கனக்கும், அதை நான் சேர்க்கவில்லை.

படகில் ‘300 பவுண்டு தாங்கும்’ என்று ஒட்டியிருந்தால், மூழ்காமல் மிதக்கும் என்றுதான் பொருள். நிம்மதியாக ஓடும் என்றல்ல. அந்த எண்ணில் எழுபது சதவீதத்தைத்தான் நான் நம்புவேன். 305-க்கு 450 பவுண்டுப் படகு வேண்டும் (எழுபது சதவீதம் 315). நாய் இல்லையென்றால் 350 போதும்.

சுமையை இரண்டு முனைக்கும் பங்கிடுங்கள். போலி வாத்து மூட்டையைப் பாதியாக்கி முன்னே ஒன்று, பின்னே ஒன்று வையுங்கள். வேட்டையில் இரையைக் கூப்பிட வைக்கும் போலிக்குத் தமிழில் ‘பார்வை’ என்று பழைய சொல் உண்டு. மூட்டையில் அதை எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு சாக்கு.

படி 5: எங்கிருந்து சுடப் போகிறீர்கள்?

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பன்னிரண்டு கேஜ் துப்பாக்கி தோளை நன்றாகத் தள்ளும். படகின் முனைப் பக்கமாகச் சுட்டால் அந்த உதை நீளவாட்டில் போய்விடும், படகு சற்றே பின்னால் நகரும். பக்கவாட்டில் சுட்டால் உதை குறுக்கே விழும். அதோடு உடலையும் திருப்பியிருப்பீர்கள், எடை ஒரு ஓரத்துக்குப் போயிருக்கும். எனவே உட்கார்ந்து சுடுவதானால், மூக்கு நோக்கும் திசையை மணி பன்னிரண்டு என்று வைத்து, பத்து முதல் இரண்டு வரை மட்டும். கடந்துபோன பறவையைத் திரும்பித் துரத்த வேண்டாம்.

என் பழக்கம் வேறு: கயாக்கை வண்டியாக மட்டும் வைத்துக்கொள்வேன். அது என்னையும் மூட்டையையும் சம்புப் புதருக்குக் கொண்டுபோகும். இறங்கி, படகைக் கோரையில் செருகி, முழங்கால் நீரில் நின்று சுடுவேன். போகும்போதும் வரும்போதும் துப்பாக்கி காலியாக, உறைக்குள், படகோடு கட்டியிருக்கும்.

படி 6: நிறமும் மறைப்பும்

பாசிப்பச்சை, காய்ந்த புல் நிறம். கயாக் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பெயிண்ட் உரிந்து வரும் என்பதால் அந்த நிறத்திலேயே வாங்கிவிடுங்கள். படகைவிடத் துடுப்பு காட்டிக்கொடுக்கும். வெள்ளைத் துடுப்பு ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பழுப்புத் துணி நாடா சுற்றினால் தீர்ந்தது. இருட்டில் போகும்போது மட்டும் தலைவிளக்கு எரியட்டும். மற்ற படகுகளுக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

படி 7: ஆகஸ்டில் கவிழுங்கள்

வாங்கியதும் வெயில் காலத்திலேயே, துப்பாக்கி இல்லாமல், வேடர்ஸும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, மார்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். வேடர்ஸின் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். உள்ளே நிரம்பும் தண்ணீர் உங்களைக் கீழே இழுக்காது, வெளியே இருப்பதும் அதே தண்ணீர்தானே. ஏறும்போதுதான் அந்தக் கனம் தெரியும். அக்டோபர் ஏரியில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அப்புறம் கைகால் பேச்சுக் கேட்பது பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏற முடியாத படகை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு முதல் நாள் நான்கு தடவை ஆனது. நாய் ஒரே தாவில் ஏறி, என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது.