பென்சிலுக்கு முன்னால் டியூப் லெவல்: தெருமுனை வடிவமைப்புப் பட்டறை நடத்துவது எப்படி?

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து ஒரு பொது இடத்தைச் சூழலுக்கு ஏற்றபடி வடிவமைக்கும் பட்டறை நடத்த நினைப்பவர்களுக்காக இது. குழு பிரிப்பது, டீ, சமோசா எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக வேலைக்கு வருகிறேன்.

1. இடம்

பூங்கா வேண்டாம், பெரிசு. ஒரு தெருமுனை, 200 சதுர மீட்டர் போதும். கவுன்சிலர் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைவிட முக்கியம், எதிர்வீடுகளில் சொல்வது. டேப்பும் கையுமாக நாலு பேர் நின்றாலே, "வீட்ட இடிக்கப் போறாங்களா தம்பி?" என்று கேட்பார்கள். அந்தப் பயத்துக்கு இந்தப் பக்கம் காரணம் உண்டு.

2. பார்ப்பது

முதல் ஒரு மணி நேரம் பென்சிலைத் தொட விடாதீர்கள். தண்ணி லாரி எங்கே நிற்கிறது, குடங்கள் எந்தப் பக்கம் வரிசை கட்டுகின்றன, இஸ்திரி வண்டிக்கு எந்த நிழல், சாயந்தரம் எந்த லைட்டுக்கு அடியில் கேரம் போர்டு வருகிறது, எல்லாம் குறிக்கட்டும். லாரி நிற்கும் இடத்தில் பெஞ்சை வரைந்துவிட்டு, "லாரிய தள்ளி நிக்கச் சொல்லிக்கலாம் சார்" என்று ஒருவராவது சொல்வார். லாரி அங்கேதான் நிற்கும்.

3. சரிவு: இங்கேதான் எல்லாரும் மாட்டுவார்கள்

போன் ஆப் வேண்டவே வேண்டாம். மேஸ்திரிகள் பிடிக்கிற டியூப் லெவல்தான் சரி. ஹார்டுவேர் கடையில் 10 மீட்டர் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு சொட்டு சொட்டுநீலம் விட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மட்டம் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது, தட்டி வெளியேற்றுங்கள். நடக்கும்போது இரண்டு முனையையும் கட்டைவிரலால் மூடுங்கள், அளக்கும்போது இரண்டையும் திறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு முனையிலும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அளவு அதிகமாக வருகிற இடம்தான் பள்ளம். பிள்ளைகள் இதைத் தலைகீழாக எழுதுவார்கள், கூடவே நில்லுங்கள். 10 மீட்டரில் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் நூற்றுக்கு ஒன்று சரிவு.

வீட்டு வாசற்படிகளையும் கட்டாயம் அளங்கள். மேலே மேலே ரோடு போட்டுப் பல வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. நீங்கள் அழகாக உயர்த்திப் போடும் மேடை, மழைத்தண்ணியை ஒரு அம்மாவின் அடுப்படிக்கு அனுப்பிவிடக் கூடாது.

4. மண்ணும் மழையும்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை, 1 லிட்டர். 200 சதுர மீட்டரில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி. அது எங்கே போகும்?

ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது ஊறிய பிறகு மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் மழைத் தோட்டம், அதாவது மழைத்தண்ணியைத் தேக்கி மண்ணுக்குள் இறங்கவிடும் பள்ளமான செடிப்பாத்தி, போடலாம். திருவொற்றியூர், புது வண்ணாரப்பேட்டை மணலில் சுலபமாக இறங்கும். வியாசர்பாடி களிமண்ணில் அப்படியே நிற்கும்; அங்கே தண்ணீரை வடிகாலுக்குக் கொண்டுபோக வழி வரையுங்கள்.

5. வரைவது

சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. லேப்டாப்பைத் திறந்தால் ஒருத்தர் வரைவார், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மரத்துக்குப் புங்கை, வேம்பு. கடல் பக்கமானால் பூவரசு. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 1:12-க்கு (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) மேல் செங்குத்தாக வேண்டாம்.

பின்சேர்க்கை: ஜனவரியில் நிழலைக் குறித்து பெஞ்ச் போட்டோம், மே மாதம் மதியம் வெயில் அடிக்கிறது என்று தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஜனவரி மதியத்தில் நிழல் வடக்கே விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை சென்னையில் உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்து வருவதால் நிழல் குட்டையாகித் தெற்கே போய்விடும். ஆகவே சுவரை நம்பாதீர்கள், அகலக் கிளை விடும் மரத்துக்கு நேர் கீழே பெஞ்சை வையுங்கள். பட்டறை ஜனவரியில்தான் என்றால், மே மாதம் ஒரே ஒரு மதியம் சாக்பீஸோடு திரும்பப் போய் நிழலைக் குறித்துவிட்டு வாருங்கள்.