தேறினவர்களாக விடாமல் நம்மைத் தடுக்கும் தவறுகள்

மத்தேயு 5:48இல் ‘பூரண சற்குணர்’ என்றும், எபிரெயர் 5:14இல் ‘பூரண வயதுள்ளவர்கள்’ என்றும், கொலோசெயர் 1:28இல் ‘தேறினவன்’ என்றும் நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் வாசிக்கிறோம். மூன்று இடங்களிலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘தெலெயோஸ்’ என்னும் ஒரே சொல்தான்; குறித்த இலக்கை எட்டிய, முழு வளர்ச்சி அடைந்த என்பது அதன் பொருள். அதை ஓரிடத்தில் குணமாகவும், ஓரிடத்தில் வயதாகவும், ஓரிடத்தில் தேர்ச்சியாகவும் தமிழாக்கியவர்கள், ஆவிக்குரிய முதிர்ச்சியும் குணமும் ஒன்றைவிட்டு ஒன்று நிற்காது என்பதை நமக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். நடைமுறையில் நாமோ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறோம். “நல்ல ஆவிக்குரிய மனுஷர்தான், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம்” என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் ஏதோ இடறுகிறது என்பதுகூட நமக்குத் தோன்றுவதில்லை. கீழே எழுதியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையில் பிறந்தவை.

முதலாவது, ஆண்டுக் கணக்கை வளர்ச்சி என்று எண்ணிக்கொள்வது. சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்களில் பலர் இரட்சிக்கப்பட்ட தேதியையும், ஞானஸ்நானம் பெற்ற இடத்தையும் துல்லியமாகச் சொல்வார்கள். அதற்குப் பின் கழிந்த இருபது ஆண்டுகளைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எபிரெயருக்கு எழுதியவர் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்: காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்கவேண்டியவர்கள் இன்னும் பாலை உண்ணத்தக்கவர்களாய் இருக்கிறார்கள். அடுத்த வசனங்களில் அவர் தேறினவர்களை அடையாளம் காட்டும்போது, அவர்கள் எத்தனை வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று கேட்கவில்லை. நன்மை இன்னது தீமை இன்னது என்று பயிற்சியினால் பகுத்தறிகிறவர்கள் என்கிறார். அங்கே அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல் உடற்பயிற்சிக் களத்துக்குரியது. களத்தின் ஓரத்தில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தசை வளராது.

இரண்டாவது தவறு, ஆவியானவர் ஊழியத்துக்காகக் கொடுக்கும் ஆற்றலாகிய வரத்தைப் பார்த்து, குணத்தில் விளையும் கனி என்று நினைப்பது. நம் சபைகளில் அதிகச் சேதத்தை உண்டாக்கியது இதுதான் என்பது என் எண்ணம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொரிந்து சபையைப் பாருங்கள். பவுல் தம்முடைய முதல் நிருபத்தின் தொடக்கத்திலேயே, அவர்கள் யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். இரண்டு அதிகாரம் தாண்டியதும் அதே ஆட்களைக் குழந்தைகள் என்கிறார். அந்நிய பாஷை இருந்தது, தீர்க்கதரிசனம் இருந்தது. கூடவே பொறாமையும் வாக்குவாதமும் இருந்தன, சகோதரன் சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுத்தான், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடும் இன்னொருவன் வெறியோடும் இருந்தான். வரங்களைப் பற்றிப் பேசும் 12ஆம் அதிகாரத்துக்கும் 14ஆம் அதிகாரத்துக்கும் நடுவில் அன்பின் அதிகாரம் நிற்பது தற்செயல் அன்று. நாம் அதைத் திருமண ஆராதனையில் வாசித்து வாசித்து, அது சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டோம்.

வரம் கொடுக்கப்படுவது, கனி காய்ப்பது. கொடுக்கப்படுவது ஒரே இரவில் கைக்கு வந்து சேரலாம். காய்ப்பதற்கு வேர் வேண்டும், பருவம் வேண்டும், சில சமயம் கிளை நறுக்கப்படவும் வேண்டும். கலாத்தியர் 5:22இல் பவுல் ‘கனிகள்’ என்று பன்மையில் எழுதவில்லை. ‘ஆவியின் கனி’ என்று ஒருமையில் எழுதிவிட்டுத்தான் அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று தொடங்கி இச்சையடக்கம்வரை ஒன்பதையும் அடுக்குகிறார். எனவே ‘எனக்குச் சந்தோஷம் நிறைய உண்டு, நீடிய பொறுமைதான் கிடையாது’ என்று பொறுக்கி எடுத்துக்கொள்ள அங்கே வழியில்லை. கன்வென்ஷன் மேடையில் உருக்கமாக ஜெபிக்கிற ஒருவரிடம் அந்த மேடையில் எதைக் காண முடியும்? குரல் வளத்தைக் காணலாம், ஒருவேளை வரத்தையும் காணலாம். கனியைக் காண வேண்டுமானால், மைக் வேலை செய்யாதபோது அவர் அந்த ஒலிபெருக்கிப் பையனிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இதையே வேறொரு திசையிலிருந்து சொன்னால், வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மணி அடித்துவிட்டது. என் வெள்ளைச் சட்டை இஸ்திரி போடாமல் கிடந்தது. அதற்காக மனைவியிடம் கத்தினேன், செருப்பைத் தேடிய மகளிடம் கத்தினேன், வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். ஆலய வாசலில் மூப்பர் ஒருவர் எதிர்ப்பட்டதும், “ஸ்தோத்திரம் ஐயா, நல்லா இருக்கீங்களா?” என்றேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் எட்டு வயது மகள் என் காதருகே வந்து, “அப்பா, வாசல்ல வந்ததும் உங்க குரல் மாறிடுச்சு” என்றாள். அவள் குறை சொல்லவில்லை, வியப்போடுதான் சொன்னாள். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. சபையில் கண்காணியாக ஏற்படுத்தப்படுகிறவன் முதலில் தன் சொந்த வீட்டை நன்றாய் நடத்துகிறவனாயிருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் சொல்லும் நிபந்தனையை, பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டுமான விதியாக அதுவரை நான் வாசித்திருந்தேன்.

அடுத்தது, தேவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மனிதரிடம் கேட்காமல் விடுவது. உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு பாவ அறிக்கை செய்வது எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி வீட்டுக் கதவைத் தட்டி, “அன்றைக்கு நான் பேசியது தப்பு” என்று சொல்வதைவிட அது எளிது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். யாருக்குக் குறை என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு அவன்மேல் வருத்தம் என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அவனுக்கு என்மேல் இருக்கிற வருத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பகிரும்போது எந்த வரிசைப் பக்கம் நம் கை நீளுவதில்லை என்பதைப் பார்த்தாலே, யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, புத்தாண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுக்கும் வழக்கத்தை நான் குறை கூறவில்லை. என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வசனத்தை அதன் அக்கம்பக்கத்திலிருந்து பெயர்த்தெடுத்து ஆண்டு முழுவதும் அதையே உண்டு வாழப் பார்ப்பதுதான் தவறு. அதிகமாக அச்சாகும் எரேமியா 29:11ஐயே எடுத்துக்கொள்வோம்: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. இதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்று கெடு சொல்கிறது. அதாவது, அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகும் நாளைக் காணப்போவதில்லை. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் கூறுகின்றன. விசா கிடைக்கும், பதவி உயர்வு வரும் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, மார்ச் மாதம் அது நடக்காதபோது தேவன்மேல் மனத்தாங்கல் கொள்கிறவர்கள், அதே அதிகாரத்தை முழுவதுமாக வாசித்திருந்தால், காத்திருப்பதற்கு வேண்டிய குணத்தையும் அங்கேயே கற்றிருப்பார்கள்.

இனி, தமிழ்ச் சபைகளில் பேசத் தயங்கும் ஒரு தவறு. வாழ்க்கையின் ஓர் அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு மற்ற அறைகளில் வளர்வது என்று இதைச் சொல்லலாம். கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் ‘இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஜெபிக்கிற மணமகள் தேவை’ என்று எழுதிவிட்டு, அதே வரியில் சாதிப் பெயரையும் எழுதுகிறோம். விளம்பரம் கொடுப்பவர் பாசாங்குக்காரர் அல்லர். மெய்யாகவே ஜெபிக்கிறவராக இருப்பார். ஆனால் அந்த அறையின் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. இது நேற்று வந்த நோயும் அன்று. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராயிருந்த டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூர் முதலிய இடங்களில் அதை ஏற்க மறுத்துச் சபையைவிட்டு விலகினவர்கள் பலர். வேதம் வாசிக்கவும் கீர்த்தனை பாடவும் நன்கு அறிந்தவர்கள் அவர்கள். பேதுருவே, பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியைப் பெற்று, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று கண்டறிந்த பின்னர், அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதைவிட்டு விலகிக்கொண்டார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சாப்பாட்டுப் பந்தியில்தான் அவர் இடறினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொள்ளவும் செய்தார்.

வேறு சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நன்றாகப் பாடுகிறார் என்பதற்காகப் புதிதாக வந்த வாலிபனை மூன்று மாதத்தில் மேடையேற்றிவிடுவது அவனுக்குச் செய்யும் உபகாரமன்று. நூதன சீஷன் இறுமாப்படைவான் என்று பவுல் முன்னமே எழுதி வைத்திருக்கிறார். “ஆண்டவர் எனக்குச் சொன்னார்” என்ற வாக்கியத்தை வாதத்தை முடிக்கும் பூட்டாக உபயோகிப்பது, பிறருடைய ஆலோசனைக்கு நம்மை எட்டாதவர்களாக்கிவிடும்; பிழையைத் திருத்தச் சபையில் ஒருவருக்கும் உரிமை கொடுக்காதவர் வளர்வது அரிது.

முயற்சியும் கிருபையும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பதும் பலரை முடக்குகிறது. ‘ஆண்டவர் மாற்றும்போது மாறுவேன்’ என்று சிலர் சும்மா இருக்கிறார்கள். வேறு சிலர் ஜனவரியில் பத்துத் தீர்மானங்களை எழுதிப் பிப்ரவரியில் களைத்துப்போகிறார்கள். பிலிப்பியர் 2:12 நம்மைப் பிரயாசப்படச் சொல்கிறது. அடுத்த வசனம், விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ‘ஏனெனில்’ என்ற சொல் இருக்கிறது. நடைமுறையில் இது மிகச் சிறியதாக இருக்கும்: கோபம் வரும்போது அறையைவிட்டு வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவது என்று பழகிக்கொள்வதும், அதற்கான பெலனைக் காலையிலேயே கேட்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்.

கடைசியாக, ஒருமுறை தவறியவரைத் தவறினவராகவே எழுதி வைத்துவிடுவது; அந்த ஒருவர் நாமாகவும் இருக்கலாம். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் புறப்பட்ட யோவான் மாற்கு, பம்பிலியாவிலே அதைப் பாதியில் விட்டுத் திரும்பிப் போனான். அவனை மறுபடி அழைத்துப்போவதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். இளைஞன் தேறவில்லை என்று பவுல் முடிவுகட்டினார். அந்தக் கோபத்தைப் பார்த்தால், அன்றைக்கு அவரும் இன்னும் தேற வேண்டியவராகத்தான் இருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, காவலில் இருந்துகொண்டு, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதும் கடிதத்தில், அவற்றைக் கேட்பதற்கு முன்னாலேயே மாற்குவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். அவன் ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார்.