சேற்றில் முந்திரி: பழைய டிஎன்ஏ தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பிச்சாவரத்தில் இரண்டு மாணவர்களோடு படகில் இருந்தேன். ஒருவர் பிவிசி குழாயைச் சேற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாதிரிக் குப்பிகளைத் திறந்து வைத்துவிட்டு, அதே கையோடு மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார். படகுக்கார அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வாய்க்காலில் நான் பிரித்த பொட்டலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு துடுப்பைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஏரியோ, கழிமுகமோ, குகையோ, வண்டல் படியும் இடத்தில் அங்கே வாழ்ந்த செடி, மீன், விலங்கு எல்லாம் உதிர்த்த டிஎன்ஏ துணுக்குகள் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். எலும்பு வேண்டாம், விதை வேண்டாம், ஒரு கரண்டி சேறு போதும். 2003-இல் சைபீரிய உறைமண்ணிலிருந்து பழங்காலச் செடிகளின் டிஎன்ஏவை எடுத்துக் காட்டினார்கள். 2022-இல் வடக்கு கிரீன்லாந்தின் சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழைய வண்டலிலிருந்து மாஸ்டடான் என்ற, யானைக்கு உறவான அழிந்துபோன விலங்கின் டிஎன்ஏ வரை வந்தது.

அதெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மண். நம் கடலூர்க் கரையில் குழாயிலிருந்து எடுத்த சேற்றைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். டிஎன்ஏவுக்குச் சூடு ஆகாது. நமக்கு மிஞ்சுவது கொஞ்சம், அதுவும் பொடிப்பொடியாக, பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவான துண்டுகள். அதனால் வெளியிலிருந்து ஒரு தூசு விழுந்தாலும் அது உள்ளே இருப்பதை மூழ்கடித்துவிடும். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றை மறப்பதால் வருபவைதான். கையுறை போடு, லேபிள் ஒட்டு, வனத்துறை அனுமதி வாங்கு என்பதையெல்லாம் உங்கள் கைடு சொல்லியிருப்பார்.

நெய்வேலி நிலக்கரியில் தேடுவது, திருவக்கரைக் கல்மரத்தில் தேடுவது

கிடைக்காது. கோடி ஆண்டுக் கணக்கு அது. வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.

பிளாங்கை வீண்செலவு என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம்.

குழாயோடு மேலே வரும் சேற்றுத் தூணைக் கோர் என்போம். என் முதல் கோர் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடிப்பகுதியில் கிடைத்த இலைத் துணுக்குக்குக் கார்பன் தேதி இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டியது. இருபத்து நான்கு இடங்களில் சேறு எடுத்து, டிஎன்ஏ பிரித்து, செடிகளின் பசுங்கணிகத்தில் உள்ள ஒரு சின்னப் பகுதியை பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பினேன். அட்டவணை மின்னஞ்சலில் வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. சுரபுன்னை இருந்தது. வெண்கண்டல் இருந்தது. நடு அடுக்குகளில் நெல் இருந்தது. முதலில் உப்பங்கழிக் காடு, பிறகு கரையோரம் வயல் என்று ஒரு கதையே தன்னால் கட்டிக்கொண்டது. நெல்லுக்கென்று தனி அத்தியாயம் எழுதினேன்.

அதே அட்டவணையில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில், முந்திரி என்று ஒரு வரி.

முந்திரி பிரேசில் மரம். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. பண்ருட்டிப் பக்கம் பிறந்தவள் என்பதால் எனக்கு அது பாட்டன் காலத்து மரமாகத்தான் தெரியும். ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கில் சேராது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இரண்டு நாள் அதையும் நம்பினேன். வரலாற்றையே மாற்றப் போகிறேன் என்று தோழியிடம் போனில் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. "பிளாங்கில என்ன வந்துதும்மா?" என்றார்.

பிளாங்க் என்றால் சேறு போடாத மாதிரி. சேற்றுக்குச் செய்யும் எல்லாவற்றையும், அதே நாளில், அதே கரைசலில், அதே கையால், வெறும் தண்ணீருக்கும் செய்வது. அதில் ஏதாவது வந்தால் அது சேற்றிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. நான் ஒன்று வைத்திருந்தேன். பிசிஆர் முடிந்ததும், டிஎன்ஏ இருந்தால் கோடாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். கோடு எதுவும் தெரியவில்லை. சுத்தம் என்று முடிவு கட்டி, குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சீக்வென்சிங்குக்கு அனுப்பவில்லை, காசு மிச்சம் என்று.

ஜெல்லில் கோடு தெரிய ஏகப்பட்ட டிஎன்ஏ வேண்டும். சீக்வென்சருக்கு அவ்வளவு தேவையில்லை. ஜெல் கண்ணுக்குத் தட்டாததை அது வாசித்துக் கையில் கொடுத்துவிடும். இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் தெரியும், கையில் தெரியாது.

முந்திரி எங்கிருந்து வந்தது? சந்தேகப் பட்டியல் நீளம். பிவிசி குழாய்களை வேலைக்கு முன் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் பின்கட்டில், முந்திரிக்கொட்டை மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தேன். படகில் பொட்டலம் பிரித்ததைச் சொல்லிவிட்டேன். கோரை அறுத்த அறை மத்தியானம் சாப்பாட்டு அறை. பிசிஆருக்கான கரைசலே அழுக்காக இருந்திருக்கலாம். கம்பெனிக் கரைசல்களில் மாடு, பன்றி, கோழி டிஎன்ஏ இருந்ததை 2007-லேயே எழுதியிருக்கிறார்கள். இதில் எது என்று சொல்ல அந்தக் குப்பி வேண்டும். அது குப்பையில்.

பிறகுதான் நிஜமான அடி விழுந்தது. முந்திரி காட்டிக்கொடுத்துவிட்டது, சரி. நெல்? படகில் இருந்த நாங்கள் எல்லாரும் காலையில் இட்லி சாப்பிட்டவர்கள். அறையில் தினமும் சோற்று டப்பா திறக்கிறது. முந்திரி நுழைந்த வழியில் நெல் நுழையாது என்று எப்படிச் சொல்வேன்? அந்த நெல் மெய்யாகவே பழையதாகவும் இருக்கலாம். இருந்தும் பயனில்லை. நம்பத்தக்கதாகத் தெரிகிற பெயரை யாரும் சந்தேகப்படுவதில்லை. முந்திரி மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த அத்தியாயம் அச்சேறியிருக்கும். பதினான்கு மாத வேலை, இருபத்து நான்கு மாதிரிகளின் செலவு, எல்லாவற்றையும் ஓரம் கட்டினேன். நான் மிச்சம் பிடித்தது ஒரு மாதிரியின் காசு.

இந்தக் கதையை மாணவர்களிடம் சொல்லி முடித்த பிறகும், பட்ஜெட் போடும்போது ஒருவர் கேட்பார்: "மேடம், வெறும் தண்ணிய போய் எதுக்கு சீக்வென்ஸ் பண்ணணும்?" போன மாதமும் கேட்டார்கள். மிக்சர் சாப்பிட்டவர்தான்.

எத்தனை வைப்பது? படகிலேயே ஒன்று: குப்பியைத் திறந்து, குழாய் இறக்கி ஏற்றும் நேரம் முழுக்கக் காற்றில் வைத்து மூடுங்கள். கோர் அறுக்கும் அறையில் ஒன்று. டிஎன்ஏ பிரிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. எல்லா மாதிரிக்கும் சேர்த்து ஒன்று என்றால் ஏமாற்று வேலை. பிசிஆருக்குத் தனியாக ஒன்று. ஜெல் என்ன சொன்னாலும் எல்லாம் சீக்வென்சிங்குக்குப் போக வேண்டும். பட்ஜெட் இடித்தால் சேற்று மாதிரியைக் குறையுங்கள். இருபத்து நான்குக்குப் பதில் பதினெட்டு போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிஎன்ஏவுக்கு வயதின் தழும்பு உண்டு: துண்டுகளின் முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, தைமின் என்ற வேறு எழுத்தாகப் படிக்கப்படும். அந்தத் தழும்பு முனையில் கூடுதலாகத் தெரிந்தால் பழையது என்று ஓரளவு நம்பலாம். "தழும்பைப் பார்த்துக்கலாமே, பிளாங்க் எதுக்கு?" என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் செயற்கைத் துண்டு) போட்டுப் பெருக்கும் பிசிஆர் முறையில் முனை இரண்டும் பிரைமருடையது, தழும்பு தெரியாது. இன்றைய முந்திரியும் இரண்டாயிரம் ஆண்டு முந்திரியும் அதில் ஒன்றுபோலத்தான் வரும். தழும்பு பார்க்க வேண்டுமென்றால் சேற்றிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் அப்படியே லைப்ரரியாக்கி, அதாவது சீக்வென்சருக்குத் தயாராக்கி, படிக்க வேண்டும், அந்தச் செடிக்குப் போதுமான ரீட்களும் (படித்துக் கிடைத்த துண்டுகள்) வேண்டும். பத்து ரீட்டை வைத்துக்கொண்டு தழும்பு பேசக் கூடாது.

ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்பது

ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. டிஎன்ஏவைப் பத்திரப்படுத்தவே நாம் ஆல்கஹாலில்தான் போடுகிறோம். அழுத்த நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவும் முழுத் தீர்வு அல்ல. துண்டாக்கும், துண்டுகள் மிஞ்சும், நாம் தேடுவதே துண்டுகளைத்தான். பிளீச் கரைசலால் துடையுங்கள், பிறகு டிஎன்ஏ இல்லாத தண்ணீரால். கத்தி துருப்பிடிக்கும். பிடிக்கட்டும், புதிது வாங்குங்கள்.

மீன் பெட்டி

கடலூர் துறைமுகத்தில் தெர்மகோல் பெட்டியும் ஐஸும் மலிவு என்று வாங்கி, அதில் கோரை வைத்துக்கொண்டு வந்து, பழங்கால மீன்களைக் கண்டுபிடிக்காதீர்கள்.

ஓரச் சேறும் நண்டு வளையும்

குழாய் இறங்கும்போது மேல் சேற்றை உள்சுவரில் இழுத்துக்கொண்டே போகும். கோரை நீளவாக்கில் பிளந்தால் ஓரத்தில் அந்தப் பூச்சு கண்ணுக்கே தெரியும், நடுவில் கறுப்பும் சாம்பலுமாக அடுக்கு, ஓரத்தில் ஒரே பழுப்பு. மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு, நடுவிலிருந்து, மாதிரிக்கு ஒரு புதுக் கத்தியால் எடுங்கள். அடியிலிருந்து மேலே வாருங்கள்; மேலிருந்து ஆரம்பித்தால் புதியதைப் பழையதில் தடவிக்கொண்டு போவீர்கள். வசதியிருந்தால் குழாயின் வெளியே தெரிந்த ஒரு டிஎன்ஏவைப் பூசிவிட்டு, உள் மாதிரியில் அது வருகிறதா என்று பாருங்கள். பூசியது உள்ளே வந்தால் மற்றதும் வந்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் இயற்கை தன் பங்குக்குக் குழப்பும். நியூசிலாந்துக் குகை வண்டலில், மோவா பறவை இருந்த அடுக்குகளில் செம்மறி ஆட்டின் டிஎன்ஏ கிடைத்தது. ஆடு ஐரோப்பியர் கொண்டுபோனது, மோவா அதற்கு முன்பே அழிந்தது. மேலே நின்ற ஆடுகளின் மூத்திரத்தோடு டிஎன்ஏ கீழே இறங்கியிருக்கிறது. நம் சுரபுன்னைக் காட்டில் அந்த வேலையை நண்டு பார்க்கும். நண்டு வளை வழியாக இன்றைய சேறு முழக்கணக்கில் உள்ளே போகும். வேரும் அப்படித்தான்: பழைய அடுக்குக்குள் புது வேர் நுழைந்திருந்தால் டிஎன்ஏவும் பொய், கார்பன் தேதியும் பொய். தேதிக்கு வேரைக் கொடுக்காதீர்கள். இலை, விதை கிடைக்கும்வரை சலியுங்கள். சிப்பியைக் கொடுத்தால் கடல் நீரின் பழைய கார்பனால் வயது கூடித் தெரியும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். இந்தக் கரையில் 2004 சுனாமி வாரிக்கொண்டு வந்த மணலும் உண்டு. கோரில் திடீரென்று மணல் அடுக்கு வந்தால், எந்த அலை அது, கீழே எதை அரித்துவிட்டு உட்கார்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

பிசிஆர் வரவில்லை, அதனால் டிஎன்ஏ இல்லை

கரைசல் டிகாஷன் நிறத்தில் இருக்கிறதா? அது மக்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம், பிசிஆரைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். மாதிரிக்கு எட்டு முறையாவது ஓட்டினால்தான் எது நிலையாக வருகிறது, எது ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது என்று தெரியும்.

ரீட் எண்ணிக்கையை மர எண்ணிக்கையாக வாசிப்பது

ஆயிரம் ரீட் ஆயிரம் மரம் அல்ல. சில செடிகளை பிரைமர் விரும்பும், சிலவற்றை விரும்பாது. அவ்வளவுதான்.

மென்பொருள் சொன்ன பெயரை அப்படியே எழுதுவது

ஒரு மாணவியின் அட்டவணையில் ஐரோப்பாவின் குளிர்காட்டு மரம் ஒன்று வந்திருந்தது. அவர் அதற்குப் பருவநிலை விளக்கமும் எழுதியிருந்தார். நடந்தது இவ்வளவுதான்: ஒப்பிடும் தொகுப்பில் நம் கரையின் உள்ளூர்ச் செடி இல்லை, அதனால் மென்பொருள் கிடைத்த உறவுக்காரனின் பெயரை எழுதிவிட்டது. சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டுச் செடிகளில் பலவற்றுக்கு இந்த ஆபத்து உண்டு. குட்டித் துண்டை வைத்துக்கொண்டு பல சமயம் பேரினத்தோடு, புல் வகை என்றால் குடும்பத்தோடு நிற்க வேண்டியதுதான்.

செய்யக்கூடியது: வேலை தொடங்கும் முன் அந்த இடத்துச் செடிகளைச் சேகரித்து நீங்களே சீக்வென்ஸ் செய்து ஒரு சின்னத் தொகுப்பு வையுங்கள். அதே கோரில் மகரந்தமும் பாருங்கள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் வெப்பமண்டல மகரந்தங்களின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும்போது கண்டத்தைத் தாண்டி ஒப்பிடுவானேன்? மகரந்தம் காற்றில் தூரத்திலிருந்தும் வரும், சேற்று டிஎன்ஏ பெரும்பாலும் பக்கத்துச் செடியின் வேர், இலையிலிருந்து வருவது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பல சமயம் சுவையான விஷயம் இருக்கும்.

தில்லை மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம் இப்போது பிச்சாவரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு புது மாணவரும், ஊருக்குள் ஒரு குளத்தில் கோர் எடுத்துத் தில்லைவனத்தை நிரூபிக்கலாம் என்று வருகிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் தூர் வாராத குளமாக ஒன்றைக் காட்டுங்கள், வருகிறேன். தூர் வாரிய குளத்தில் அடுக்கு ஏது? அப்புறம், தில்லை வரவில்லை என்றால் அங்கே தில்லை இல்லை என்று பொருள் ஆகாது. இந்தச் சூட்டில் எத்தனையோ மரங்கள் நின்றும் ஒரு துண்டுகூட மிஞ்சாமல் போயிருக்கும்.

பெருக்கிய டிஎன்ஏவைத் திறந்துவிட்டுச் சேற்று அறைக்குப் போவது

பிசிஆர் முடிந்த குப்பியைத் திறந்த அன்று, சேறு திறக்கும் அறைக்குள் கால் வைக்காதீர்கள். குளித்துவிட்டு மறுநாள் போங்கள்.

கரண்ட்

கோரை வைக்கும் முன் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று எழுந்து போய்க் கண்ணால் பாருங்கள்; இருக்கிறது என்று ஆபீசில் சொன்னால் போதாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு கடலூரில் கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. என் முதல் கோரின் மறுபாதி இன்னமும் ஃப்ரீசரில் இருக்கிறது. இந்த முறை ஐந்து பிளாங்கோடு அதைத் திறக்கப் போகிறோம். மிக்சர் மாணவர்தான் அறுக்கப் போகிறார்.