இரவுச் சமையல்: வார இறுதியிலேயே முடிவு செய்துவிடுங்கள்

களைத்துப்போய் வீட்டுக்கு வந்தபிறகு "இன்றைக்கு என்ன சமைப்பது?" என்று யோசிப்பது, சமைப்பதைவிடப் பெரிய வேலை. வார இறுதியில் கால் மணி நேரம் ஒதுக்கினால் அந்த யோசனை தீர்ந்துவிடும்.

முதலில் பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கீரை, காளான் போல சீக்கிரம் வாடுபவை திங்கள், செவ்வாய்க்கு. கேரட், முட்டைக்கோஸ் தாங்கும், அவற்றை வியாழன், வெள்ளிக்குத் தள்ளிவிடலாம். இந்த வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே காய் வீணாவது வெகுவாகக் குறையும்.

அப்புறம், ஐந்து நாளுக்கும் திட்டம் போடாதீர்கள். நான்கு போதும். ஒரு நாளை மிச்சம் மீதிக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது தாமதமாக வரும் நாளில் ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையலாக இருக்கட்டும்.

பயறு வேகவைக்கும்போது இரண்டு நாளுக்கும் சேர்த்தே வேகவைப்பது என் வழக்கம். ஒரு நாள் குழம்பு, அடுத்த நாள் சாலட். ஆனால் எடுத்துவைக்கும் முறை முக்கியம். சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. 3, 4 நாளுக்குள் சாப்பிட முடியாது என்று தெரிந்தால், தேதி எழுதி உடனே ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்துச் சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

பிள்ளைகள் இருந்தால் ஒரு நாள் சமையலை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தாங்கள் கேட்டது என்பதால் அன்றைக்குத் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள்.