குழுவோடு முதல் சைக்கிள் பயணம்

முந்தைய இரவே டயர் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். உதிரி ட்யூபும் பம்ப்பும் கையோடு இருக்கட்டும். அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று வராதீர்கள், அவருடைய சக்கர அளவு வேறாக இருக்கலாம்.

கிளம்பும் முன், பின்தங்கியவருக்காகக் குழு நிற்குமா என்று கேளுங்கள். நிற்காத குழுவுக்குப் புதியவர்களை நான் அனுப்பவே மாட்டேன்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் மிதிப்பது லேசு. அதற்காக ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். பழகும்வரை ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் லேசாக விலகினாலும் இரண்டும் உரசும், பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான். பார்வை அந்தச் சக்கரத்திலேயே இருக்க வேண்டாம், அவர் தோளைத் தாண்டிச் சாலையைப் பாருங்கள். வேகம் குறைக்க மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாலே பல நேரம் போதும். சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவார்.

பள்ளம் வந்தால் கையைக் கீழே காட்டி, சத்தமாகவும் சொல்லுங்கள். சரி, அரட்டை? தாராளமாக! மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் முதல் நாளுக்குச் சரியான வேகம். முடியவில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்போம்.