மூட்டுவலி மாத்திரைகளைக் குழப்பமில்லாமல் கையாள்வது எப்படி?

அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்), அப்பாவுக்கு கவுட், அதாவது யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் வலி. இரண்டு பேரின் மாத்திரைகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக ஏற்படுத்திக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவை மாற்றுவதற்கு இதில் எந்த வழியும் இல்லை. அந்த அளவைச் சரியாகப் போட்டுக்கொள்ளத்தான் வழி இருக்கிறது.

படி 1: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரப்புங்கள்

வலி மாத்திரை மட்டும் போதாது. சளி மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைலம், ஜெல் எல்லாம் வர வேண்டும். ஒரு நோட்டில் அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழங்கால் வலிக்கு பாராசிட்டமால் 650 மி.கி. ஒரு நாளைக்கு நான்கு வேளை என்றால் 2600. அதே நாளில் ஜலதோஷத்துக்குப் போடும் மாத்திரையிலும் பாராசிட்டமால் 500 மி.கி. இருந்து, மூன்று வேளை போட்டால் இன்னும் 1500. மொத்தம் 4100. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4000 மி.கி.தான் உச்சவரம்பு. ஈரல் கோளாறு, குடிப்பழக்கம், உடல் எடை குறைவு இருந்தால் அதைவிடக் குறைவு. அட்டைகள் வேறு வேறு நிறத்தில் இருப்பதால் இது கண்ணில் படுவதே இல்லை.

படி 2: வேலையை எழுதுங்கள்

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இன்றைய வலிக்கு’ அல்லது ‘நோய்க்கு’ என்று எழுதுங்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்சிப் எல்லாம் முதல் வகை. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், கவுட்டுக்கு யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபியூரினால் இரண்டாம் வகை. வலி போய்விட்டது என்று இரண்டாம் வகையை நிறுத்தக் கூடாது.

படி 3: முதல் வகையில் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று

மேலே சொன்ன நான்கும் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, ஆபத்துதான் கூடும். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றை ஒன்றும் செய்யாது என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பைச் சுவரின் பாதுகாப்பைக் குறைக்கும். ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு, இதய நோய், அல்சர் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இந்த வலி மாத்திரைகளைத் தாங்களாகக் கடையில் வாங்கவே கூடாது. பிரஷருக்கான சில மாத்திரைகளும் நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கிறவர்களுக்கு, மூன்றாவதாக இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று பாதிக்கப்படலாம். முழங்கால், கைவிரல் வலிக்கு என் ஓட்டு டைக்ளோஃபினாக் ஜெல்லுக்குத்தான். மாத்திரையைவிட மிகக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது.

படி 4: அலோபியூரினால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அப்பாவுக்கு இதைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே துடித்தார். “இந்த மாத்திரைதான் கிளப்பி விட்டுடுச்சு, நிறுத்திடு” என்றார். டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கும்போது, மூட்டில் வெகுநாளாகப் படிந்திருக்கும் படிகங்கள் கரைந்து உதிர ஆரம்பிக்கும். அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அந்த வீக்கம். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். யூரிக் ஆசிட் 6 mg/dL-க்குக் கீழே வர வேண்டும். முதல் சில மாதங்களுக்கு அந்த வீக்கம் வராமல் காவலாக கொல்கிசின் என்ற மருந்தைச் சிறிய அளவில் தருவதும் உண்டு. நடுவில் வலி வந்தால் வலிக்குத் தனியாக மருந்து, அலோபியூரினால் அதுபாட்டுக்குத் தொடரும். இன்னொன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த பரிசோதனையில் யூரிக் ஆசிட் சரியாக இருப்பதாகக் காட்டலாம். அதை வைத்து கவுட் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அலோபியூரினாலை அப்போதே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

படி 5: மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே நாள்

முடக்குவாதத்துக்கு இது வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். அட்டையின் மேலேயே கிழமையைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தினசரி மாத்திரை டப்பாவில் இதை வைக்கவே வேண்டாம், தனி டப்பா. இதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினை வழக்கமாக வேறு நாளில் தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுத்திருங்கள். கர்ப்பத்தின்போது இந்த மருந்து கூடவே கூடாது.

போன் அலாரத்தைவிட நோட்டில் டிக் அடிப்பதையே நான் நம்புகிறேன். அலாரம் அடித்ததா என்பது போனுக்குத் தெரியும், மாத்திரை போட்டோமா என்பது நோட்டில்தான் இருக்கும்.

பின்சேர்க்கை

ஆன்டிபயாடிக் சேர்த்துப் போடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு கோ-ட்ரைமாக்சசோலும், கொல்கிசின் எடுப்பவர்களுக்கு கிளாரித்ரோமைசினும் ஆபத்து. பல் டாக்டரிடம் போனாலும் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பற்றியும் கேள்வி வந்தது. மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. எவ்வளவு நாளில் எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி, அதையும் நோட்டில் ஒட்டிவிடுங்கள்.